இறங்கிக்கொண்டே போன பாலம்... இருட்டில் சைக்கிளை மிதித்த இன்ஜினியர்! கான்கிரீட்டின் ரகசியத்தைப் பிடித்த யூஜின் ஃப்ரெசினே யார்?

1911ஆம் ஆண்டு. பிரான்ஸின் நடுப்பகுதியில், ஆலியே ஆற்றின் மேல் லு வெர்த்ரு என்ற ஊரில் ஒரு புதுப் பாலம். மூன்று கான்கிரீட் வளைவுகள். திறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர்களும் அதில்தான் நடந்தார்கள்.

பாலம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது ஊரில் யாருக்கும் தெரியாது. ஒரே ஒருவருக்குத் தெரியும். அதைக் கட்டிய இன்ஜினியர். வயது 32. பெயர் யூஜின் ஃப்ரெசினே.

கைப்பிடிச் சுவரின் மேல்கோடு நேராக இல்லை என்பதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார். அளந்தால், வளைவுகளின் உச்சி கிட்டத்தட்ட 13 சென்டிமீட்டர் கீழே வந்திருந்தது. அதோடு நிற்கவும் இல்லை. இப்படியே போனால் ஒருநாள் பாலம் ஆற்றுக்குள் போய்விடும் என்பது அவருக்குப் புரிந்தது. ஏன் இறங்குகிறது என்பதற்கு மட்டும் அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை.

இன்றைக்கு நம்ம ஊர் மேம்பாலம், மெட்ரோ தூண்களுக்கு மேலே நீளும் பாதை என்று தினமும் நாம் கடந்து போகும் பல கட்டுமானங்கள் நிற்பதற்கு, அந்தச் சில மாதப் பதற்றம்தான் ஆரம்பப் புள்ளி.

யார் இந்த ஃப்ரெசினே?

1879 ஜூலை 13 அன்று தென்மேற்கு பிரான்ஸில், கொரேஸ் மாவட்டத்தின் ஒப்ஜா என்ற ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். அங்கே ஏர் உடைந்தால் அவரவரே சரி செய்வார்கள், கூரை ஒழுகினால் அவரவரே ஏறுவார்கள். கையில் இருப்பதைக் கொண்டு, கம்மியான செலவில், உருப்படியாக ஒன்றைச் செய்து முடிப்பது அந்த ஊர்க்காரர்களின் பழக்கம். பிற்காலத்தில் உலகப் புகழ் வந்த பிறகும், தன்னைப் பெரிய விஞ்ஞானி என்று காட்டிக்கொள்வதைவிட ஒரு கைவினைக்காரர் என்று நினைத்துக்கொள்வதுதான் அவருக்குப் பிடித்திருந்தது.

குடும்பம் பாரிஸுக்கு வந்தது. பையனுக்கு நகரம் பிடிக்கவில்லை, ஆனால் படிப்பு வந்தது. எகோல் பாலிடெக்னிக், அதன் பிறகு பாலம் - சாலை இன்ஜினியர்களை உருவாக்கும் எகோல் தெ போன் எ ஷோசே. அங்கே ஷார்ல் ராபு என்ற பேராசிரியர் கான்கிரீட் பாடம் எடுத்தார். அந்தக் காலத்தில் கான்கிரீட் என்பது புதுசு. கம்பி வைத்துக் கட்டும் முறை வந்தே சில பத்தாண்டுகள்தான். ராபுவின் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதே ஃப்ரெசினேவுக்கு ஒரு யோசனை தட்டியது. அதைப் பிறகு பார்ப்போம்.

படிப்பு முடிந்து மூலான் நகரத்தில் அரசு இன்ஜினியர் வேலை. கிராமத்துச் சாலைகள், சிறு பாலங்கள். இங்கேதான் ஃப்ரான்சுவா மெர்சியே என்ற கான்ட்ராக்டர் வருகிறார்.

ஒரு பாலத்தின் காசில் மூன்று பாலம்

ஆலியே ஆற்றின் மேல் பழைய தொங்கு பாலங்கள் பாழடைந்து கிடந்தன. மூன்று இடங்களில் புதுப் பாலம் வேண்டும். லு வெர்த்ருவில் மட்டும் ஒரு கல் பாலம் கட்டுவதற்கு அரசு ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருந்தது. அந்த ஒரே தொகையில் மூன்று பாலத்தையும் கட்டித் தருகிறேன், டிசைன் ஃப்ரெசினேவுடையது, நஷ்டம் வந்தால் என் தலையில் என்று மெர்சியே எழுதிக் கொடுத்துவிட்டார். அரசும் ஒத்துக்கொண்டது.

யோசித்துப் பாருங்கள். டிசைன் போடுவது ஃப்ரெசினே, வேலையை மேற்பார்வை பார்ப்பதும் ஃப்ரெசினே. சரிபார்க்க இன்னொருவர் கிடையாது. இன்றைக்கு இப்படி ஒரு டெண்டர் போட்டால் அதுவே தனிச் செய்தியாகிவிடும்.

இளைஞர் சும்மா இறங்கிவிடவில்லை. முதலில் மூலானில் 50 மீட்டர் நீளத்துக்கு ஒரு சோதனை வளைவைக் கட்டிப் பார்த்தார். அதன் பிறகுதான் லு வெர்த்ரு. நடு வளைவு மட்டும் 70 மீட்டருக்கும் மேல். ரொம்பத் தட்டையான வளைவு. தட்டையாக இருப்பதால் பார்க்க அழகு, செலவும் கம்மி. ஆனால் தட்டையான வளைவில் கான்கிரீட் நீளவாக்கில் துளி சுருங்கினாலும் உச்சி பல மடங்கு கீழே இறங்கும். வில்லை நிமிர்த்தி வைத்தது போலத்தான்.

நம்ம ஊர் கொத்தனார்கள் சென்ட்ரிங் என்று சொல்கிறார்களே, அதே வேலைதான் அங்கேயும். வளைவு இறுகும் வரை கீழே மரச்சட்டம் தாங்கி நிற்கும். அதைப் பிரிக்க வழக்கமாக மரச்சட்டத்தைத்தான் கீழே இறக்குவார்கள். ஃப்ரெசினே தலைகீழாகச் செய்தார். வளைவின் உச்சியில் இடைவெளி விட்டு, அங்கே ஜாக்கிகளை வைத்து இரண்டு பாதிகளையும் விலக்கித் தள்ளினார். வளைவு தானாக மேலே எழும்பி மரச்சட்டத்தை விட்டு விலகியது. முட்டுக்கட்டையைத் தட்டி எடுக்கும் ஆபத்தான வேலையே இல்லை.

இந்த ஜாக்கி ஐடியாதான் அவரைக் காப்பாற்றியது. ஜாக்கி வைக்கும் இடத்தை அவர் மூடிவிடாமல் வைத்திருந்தார்.

அந்த இரவு என்ன நடந்தது?

பாலம் இறங்குவது நிற்காது என்று தெரிந்ததும் ஃப்ரெசினே மேலதிகாரிக்குக் கடிதம் எழுதவில்லை, கமிட்டி கூட்டவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக சைக்கிளை எடுத்துக்கொண்டு மூலானிலிருந்து லு வெர்த்ருவுக்கு ஒரே மிதி. அங்கே மேஸ்திரியையும் நம்பிக்கையான மூன்று ஆட்களையும் தூக்கத்திலிருந்து எழுப்பினார். ஐந்து பேரும் சேர்ந்து ஜாக்கிகளைத் திரும்ப உச்சியில் பொருத்தினார்கள். மட்டம் பார்க்கும் அளவுக்கு வெளிச்சம் வந்ததும் மூன்று வளைவுகளையும் ஒரே நேரத்தில் தூக்க ஆரம்பித்தார்கள்.

அன்றைக்குப் பார்த்து சந்தை நாள். சில நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை நிறுத்தி வண்டிகளுக்கு வழி விட வேண்டியிருந்தது. காலுக்குக் கீழே பாலம் தூக்கப்பட்டுக்கொண்டிருப்பது அந்த வண்டிக்காரர்களுக்குத் தெரிந்திருக்குமா என்ன!

பாலம் பழைய மட்டத்துக்கு வந்தது. உச்சியில் இருந்த அந்த இடைவெளிகளை கான்கிரீட் ஊற்றி நிரந்தரமாக அடைத்தார். அதன் பிறகு அந்தப் பாலம் ஒரு தொந்தரவும் தரவில்லை. 1940இல் போரில் தகர்க்கப்படும் வரை ஒழுங்காக நின்றது.

அவர் செய்தது சரியா? மக்கள் போய்க்கொண்டிருக்கும் பாலத்தில், யாருக்கும் சொல்லாமல் இப்படி ஒரு வேலை. இன்றைய விதிப்படி பார்த்தால் முதலில் பாலத்தை மூடியிருக்க வேண்டும். வெற்றி கிடைத்ததால் அது வீரக்கதை ஆனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, பாலம் ஏன் இறங்கியது?

1906இல் பிரெஞ்சு அரசு கான்கிரீட்டுக்கு விதிமுறைகளை வெளியிட்டிருந்தது. பாரம் வைத்தால் கான்கிரீட் கொஞ்சம் அமுங்கும், அந்த அமுக்கம் பாரத்தைப் பொறுத்ததே தவிர நாளைப் பொறுத்தது அல்ல என்பதுதான் அன்றைய கணக்கு. லேபில் ஒரு கான்கிரீட் கட்டியை மிஷினில் வைத்து சில நிமிடம் அமுக்கிப் பார்த்தால் அது சரியாகவும் இருக்கும்.

ஆனால் பாலம் சில நிமிடத்துக்கானது இல்லையே. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒரே பாரம் மேலே உட்கார்ந்திருந்தால் கான்கிரீட் மெதுவாகச் சுருங்கிக்கொண்டே போகிறது. இதற்குத்தான் இன்றைக்கு க்ரீப் என்று பெயர். தமிழில் ஊர்வு என்று சொல்லலாம். அமெரிக்காவில் ஹாட் என்பவர் 1907லேயே இப்படி ஒன்று நடப்பதைக் குறித்திருந்தார். ஆனால் கட்டுபவர்கள் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

இங்கே ஜல்லிக்கு ஒரு முக்கிய வேலை இருக்கிறது. ஒரு கன அடி கான்கிரீட்டை எடுத்தால் அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஜல்லியும் மணலும்தான். மீதிதான் சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்த பசை. கருங்கல் ஜல்லி, கட்டிடத்தில் வரும் பாரத்துக்கெல்லாம் நாளாக நாளாகச் சுருங்குவது கிடையாது. ஊர்வது அந்தப் பசை. அதற்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் அவற்றில் தங்கியிருக்கும் தண்ணீரும்தான் காரணம். ஜல்லி ஒன்றோடொன்று நெருக்கமாக நின்று பசையைச் சுருங்க விடாமல் பிடித்து வைக்கிறது.

அதனால்தான் கெட்டியான கல், நல்ல கலவை, கம்மியான தண்ணீர் என்றால் ஊர்வு குறைவு. பொதபொதவென்ற மென்மையான கல், அதிகப் பசை, வேலை சுலபமாகட்டும் என்று பக்கெட்டில் கூடுதலாக ஊற்றும் தண்ணீர் என்றால் ஊர்வு அதிகம். பீம் அன்றைக்கே உடையாது. வருடம் போகப் போகத் தொய்யும்.

ஃப்ரெசினே இதையெல்லாம் ஒரே நாளில் கண்டுபிடிக்கவில்லை. லு வெர்த்ரு அனுபவத்தை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பாலமான பூத்திரோனில் உச்சிக் கீல்களையே தவிர்த்துவிட்டார். விஷி நகருக்குப் பக்கத்தில் அந்தப் பாலம் இன்றும் இருக்கிறது. ஊர்வை முறையாக அளக்க அவருக்கு வாய்ப்பு கிடைத்தது பதினைந்து வருடம் கழித்து.

புகழின் உச்சி

அரசு வேலையை விட்டுவிட்டு தனியார் கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் ஏராளமான தொழிற்சாலைகளைக் கட்டினார். கான்கிரீட்டை அதிர வைத்தால் ஜல்லி நன்றாக நெருங்கி உட்காரும் என்று அந்தக் காலத்திலேயே செய்து காட்டியவர்களில் அவரும் ஒருவர். இன்றைக்கு தளம் போடும்போது காதைப் பிளக்கும் வைப்ரேட்டர் சத்தத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

பாரிஸ் ஓர்லியில் ஆகாயக் கப்பல்களை நிறுத்த 300 மீட்டர் நீளம், சுமார் 60 மீட்டர் உயரத்தில் இரண்டு கூடங்களைக் கட்டினார். மடித்த காகிதம் போன்ற மெல்லிய கான்கிரீட் ஓடு. கட்டிடக்கலை மாணவர்கள் இன்றும் அதன் படத்தைப் பார்க்கிறார்கள். படம் மட்டும்தான் மிச்சம், 1944இல் குண்டுவீச்சில் அழிந்துபோனது.

அப்புறம் ப்ளூகாஸ்தெல். பிரெஸ்ட் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எலோர்ன் ஆற்றின் முகத்துவாரத்தில் மூன்று வளைவுகள், ஒவ்வொன்றும் 180 மீட்டருக்கு மேல். 1930இல் திறந்தபோது கான்கிரீட்டில் உலகின் மிக நீளமான வளைவுகள் இவைதான். ஒரே ஒரு மரச் சென்ட்ரிங்கைச் செய்து, படகு போல மிதக்க விட்டு, ஒரு வளைவு முடிந்ததும் அடுத்ததற்கு இழுத்துக்கொண்டு போனார்.

இந்த வேலையின்போதுதான் ஊர்வை ஒழுங்காகச் சோதித்து அளந்தார். எவ்வளவு சுருங்கும் என்ற எண் கையில் வந்தது. அந்த எண்தான் வகுப்பில் தட்டிய பழைய யோசனையைத் திரும்பக் கொண்டுவந்தது.

அந்த யோசனை என்ன?

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பட்டையைக் காய்ச்சி மாட்டிவிட்டு தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கும், மரத்துண்டுகள் எல்லாம் இறுகும். பாரம் வருவதற்கு முன்பே சக்கரம் ஒரு பிடிக்குள் வந்துவிடுகிறது.

கான்கிரீட்டையும் இப்படிப் பிடித்து வைத்தால் என்ன? கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. பீமில் பாரம் ஏறினால் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். முன்கூட்டியே அடிப்பக்கத்தைக் கம்பியால் இறுக்கி அமுக்கி வைத்துவிட்டால், பாரம் வரும்போது அந்த அமுக்கம் குறையுமே தவிர இழுவை வராது. இதுதான் ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட்.

இதை முதலில் நினைத்தவர் ஃப்ரெசினே இல்லை. 1880களிலேயே அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் முயன்று பார்த்தார்கள். சில மாதத்தில் இறுக்கம் காணாமல் போனது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. லு வெர்த்ருவில் அடிபட்ட ஒருவருக்குத்தான் அது புரிந்தது.

கணக்கு ரொம்ப எளிது. 10 மீட்டர் நீள சாதாரணக் கம்பியை அதன் அன்றைய பாதுகாப்பான அளவுக்கு இழுத்தால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். கான்கிரீட்டும் காய்ந்து, ஊர்ந்து அதே அளவுக்குச் சுருங்கிவிடும். கம்பி தொளதொளவென்று ஆகிவிடும், இறுக்கம் பூஜ்யம். அதே இடத்தில் மிக வலுவான எஃகுக் கம்பியைப் போட்டு 50 மில்லிமீட்டர் நீளும்படி இழுத்தால்? கான்கிரீட் 6, 7 மில்லிமீட்டர் தின்றாலும் மீதி இறுக்கம் அப்படியே இருக்கும்.

1928 அக்டோபர் 2 அன்று ழான் சேயாய் என்பவருடன் சேர்ந்து இதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

கையில் இருந்த எல்லாம் போச்சு

வேலை பார்த்த நிறுவனத்துக்கு இதில் ஆர்வம் இல்லை. ஃப்ரெசினே வெளியே வந்துவிட்டார். வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. புகழ், சம்பளம் எல்லாம் இருக்கும் நேரத்தில் இப்படி ஒரு முடிவு.

மோந்தார்ஜியில் ஒரு தொழிற்சாலை. ப்ரீஸ்ட்ரெஸ்டு முறையில் மின்கம்பங்கள் தயாரிப்பு. பொருள் அருமையாக வந்தது. மெல்லிய சுவர், பல மடங்கு வலு, சூடு கொடுத்து வேகமாக இறுக வைக்கும் முறை. ஆனால் உலகப் பொருளாதார மந்தம் வந்துவிட்டது, வாங்க ஆள் இல்லை. தொழிற்சாலை படுத்தது. அதுவரை சேர்த்த சொத்தும் அதோடு போனது.

திருப்புமுனை லு ஆவ்ரு துறைமுகத்தில் வந்தது. பெரிய பயணிகள் கப்பல்களுக்காகக் கட்டிய புது முனையக் கட்டிடம் சேற்று மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. மாதத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர். நார்மண்டி என்ற பிரம்மாண்டக் கப்பல் வரும் நாள் நெருங்கிவிட்டது. பலரும் கையை விரித்துவிட்டார்கள். திரும்பவும் இறங்கும் கட்டுமானம், திரும்பவும் ஃப்ரெசினே!

தனித்தனியாகக் கிடந்த அஸ்திவாரங்களை ப்ரீஸ்ட்ரெஸ்டு பீம்களால் கட்டி ஒன்றாக இறுக்கினார். கட்டிடத்தின் எடையையே எதிர்ப்பாக வைத்து, ஜாக்கியால் கான்கிரீட் தூண்களைத் துண்டு துண்டாக வார்த்து மண்ணுக்குள் இறக்கினார். கட்டிடம் நின்றது. அதைப் பார்த்த கட்டுமானத் தொழிலதிபர் எத்ம் காம்பெனோன் அவரைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

கம்பி நுனியைப் பிடித்து வைக்கும் கூம்பு வடிவப் பூட்டும், அப்பளம் மாதிரி தட்டையான ஜாக்கியும் 1930களின் கடைசியில் வந்தன. மார்ன் ஆற்றின் மேல் லூசான்சி பாலம் 1946இல் முடிந்தது. 55 மீட்டர் நீளம், நடுவில் தடிமன் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். துண்டு துண்டாக வார்த்துக் கொண்டுவந்து கம்பியால் கோர்த்து இறுக்கியது. சென்னையில் மெட்ரோ பாதை கட்டும்போது ராட்சத கிரேன் கான்கிரீட் துண்டுகளை வரிசையாகத் தொங்க விட்டுக் கோர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வழிதான். செங்கல்பட்டு அருகே பாலாற்றின் மேல் 1950களில் வந்த பாலம், இந்தியாவின் ஆரம்ப கால ப்ரீஸ்ட்ரெஸ்டு சாலைப் பாலங்களில் ஒன்று.

அந்த ஆபத்து முடிந்துவிட்டதா?

இல்லை. பசிபிக் தீவு நாடான பலாவில் 1977இல் 241 மீட்டர் நீளத்துக்கு ஒரு ப்ரீஸ்ட்ரெஸ்டு பாலம் கட்டினார்கள். இருபது வருடத்துக்குள் அதன் நடுப்பகுதி 1.3 மீட்டருக்கும் மேல் தொய்ந்துவிட்டது. டிசைனில் போட்ட ஊர்வுக் கணக்கைவிட நிஜம் பல மடங்கு அதிகம். 1996இல் கூடுதல் கம்பி இழுத்து, ஜாக்கி வைத்து நிமிர்த்தினார்கள். வேலை முடிந்து சுமார் மூன்று மாதத்தில், செப்டம்பர் 26 அன்று பாலம் திடீரென விழுந்தது. 2 பேர் இறந்தார்கள். விழுந்ததற்கான சரியான காரணம் பற்றி நிபுணர்களிடம் வாதம் தொடர்கிறது. ஆனால் தொய்வுக்கு ஊர்வு ஒரு முக்கியக் காரணம் என்பதில் பெரிய சண்டை இல்லை.

உங்க வீட்டு பீமுக்கும் இது பொருந்துமா என்றால், பொருந்தும். இந்தியத் தர விதியான ஐஎஸ் 456, கான்கிரீட்டுக்கு 28 நாள் வயதில் பாரம் ஏற்றினால், உடனே வரும் அமுக்கத்தைப் போல இன்னும் 1.6 மடங்கு ஊர்வு பின்னால் வரும் என்று கணக்கு வைக்கச் சொல்கிறது. 7 நாளிலேயே பாரம் ஏற்றினால் அது 2.2 மடங்கு. அதனால்தான் சாதாரண சிமெண்டில் 6 மீட்டர் வரை நீளமுள்ள பீமின் முட்டை 14 நாளுக்கு முன்பும், அதைவிட நீளமான பீமுக்கு 21 நாளுக்கு முன்பும் எடுக்கக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. அடுத்த சைட்டுக்கு சென்ட்ரிங் சாமான் வேண்டும் என்று எட்டாம் நாளே பிரிக்க வந்தால், தாராளமாக நிறுத்தச் சொல்லலாம்.

கடைசி ஆண்டுகள்

எழுபது வயதுக்கு மேலும் ஃப்ரெசினே ஓயவில்லை. வெனிசுவேலாவின் கராகஸில் மலைச் சாலைப் பாலங்கள், லூர்து நகரில் 1958இல் திறந்த பூமிக்கடியிலான பத்தாம் பயஸ் பேராலயம் எல்லாம் அந்த வயதில் அவர் பங்கெடுத்த வேலைகள்தான்.

1962 ஜூன் 8 அன்று தென்கிழக்கு பிரான்ஸின் மலையூரான சான் மார்தான் வெசுபியில் காலமானார். வயது 82. அவர் கட்டிய லு வெர்த்ரு இல்லை, ஓர்லி கூடங்கள் இல்லை. ப்ளூகாஸ்தெல் பாலத்தின் ஒரு வளைவை 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை தகர்த்தது, பிறகு சீரமைத்துத் திறந்தார்கள். ஆலியே ஆற்றின் அந்த மூன்று பாலங்களில் பூத்திரோன் மட்டும் இன்றைக்கும் கோடு பிசகாமல் நிற்கிறது.